வைக்காமல் விட்ட தட்டு

முன்னறையில் கணவர் பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. பீங்கான் கோப்பை ஒன்று தன் தட்டின் மேல் நிற்க முடியாமல் கிடுகிடுவென்று ஆடும் சத்தம்.

சமையலறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த செல்லக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் கேளும்மா," என்று கணவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "அந்தப் பொண்ணுக்கு லேப்ல பேரே 'கைநடுக்கம்'தானாம். இவ வந்து சொல்லிச் சொல்லி எங்க வீட்லயும் பழகிடுச்சு. நான் டம்ளரைக் கீழ போட்டா என் பொண்ணு, 'அம்மா, கைநடுக்கம் வந்திருக்காங்க, வந்து பாரு'ன்னு கத்துவா! ஆமா, நீயும் அந்த லேப்லதானே இருந்தே? உனக்கு அவளைத் தெரிஞ்சிருக்கணுமே?"

"தெரியும்ணா," என்றது ஒரு மெல்லிய குரல். "நல்லாவே தெரியும்."

செல்லக்கா சமையல் மேடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முன்னறையில் உட்கார்ந்திருப்பவளேதான் அந்தக் கைநடுக்கம். பாவம், அந்த மனிதருக்கு அது தெரியாது. பழைய லேப் பெண் ஒருத்தி பார்க்க வந்திருக்கிறாள், வந்தவளை உற்சாகப்படுத்துவோம் என்று தனக்குத் தெரிந்த ஒரே லேப் கதையை எடுத்துவிட்டார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அது செல்லக்காவுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெயர் ஒட்டும்வரை அந்தப் பெண்ணின் கை நடுங்கியதே இல்லை.

செல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வைரஸ்களை ஆராயும் கூடம் ஒன்றில் செல்களை வளர்ப்பது அவள் வேலை, அதனால் ஒட்டிய பெயர். எப்போதோ எந்த உடம்பிலிருந்தோ எடுத்த செல்கள், தட்டையான புட்டிகளில், உடம்புச் சூட்டில் வைத்த இன்குபேட்டர் அலமாரிக்குள் பெருகிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு மீடியா என்கிற இளஞ்சிவப்புச் சத்துநீரை வேளை தவறாமல் மாற்ற வேண்டும். இடம் நெருக்கடியானால் பிரித்துப் புதுப் புட்டியில் குடிவைக்க வேண்டும். மாமனார் இறந்த அன்று கூட, வந்த கூட்டம் கலைந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு லேபுக்கு ஓடியவள் அவள். "பச்சைப் பிள்ளைங்களைப் பட்டினி போட முடியுமா அத்தை?" என்று கேட்டதற்கு மாமியார், "என் பிள்ளைக்கு ஒரு நாளாவது இப்படி வேளைக்குப் போட்டிருக்கியாடி?" என்று அந்த அழுகைக்கு நடுவிலும் கேட்டாராம்.

பெரிய பட்டம் எதுவும் அவளிடம் இல்லை. ஆனால் லேபின் தலைவருக்கு, எல்லோரும் 'டாக்டர்' என்று அழைக்கும் அந்த மனிதருக்கு, அவள் சொல் கல்வெட்டு. "அக்கா சரின்னுட்டாங்களா? அப்ப சரி," என்பார். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தச் செல்வாக்கு அவளுக்கு இனித்தது. யாருக்குத்தான் இனிக்காது?

அவள் வளர்த்தவற்றில் இரண்டு வகைச் செல்கள் முக்கியமானவை. இரண்டுக்கும் அவளே செல்லப் பெயர் வைத்திருந்தாள். ஒன்று 'வாயாடி'. வைரஸ் உள்ளே நுழைந்தால் போதும், திருடன் திருடன் என்று ஊரைக் கூட்டிவிடும். அக்கம்பக்கத்துச் செல்களெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். மற்றது 'சாது'. அதற்குக் கத்தவே வராது. வைரஸ் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு இடம் கொடுக்கும், ஆனால் கிடுகிடுவென்று வளரும். வைரஸைப் பெருக்கிச் சேமிக்க சாது. அது உடம்பை எப்படி ஏமாற்றுகிறது என்று சோதிக்க வாயாடி.

இந்த இரண்டையும் பிரித்து வைக்க ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வகை, அதற்கென்று தனி மீடியா. சுவரில் அதைத் தன் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி ஒட்டியவளும் செல்லக்காவேதான்.

அந்த லேபுக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தாள் ஒருத்தி. எல்லோரிலும் இளையவள் என்பதால் 'சின்னவள்' என்றார்கள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, ஒரு சொட்டுக்கூட இம்மி பிசகாமல் விடும் விரல்கள். இன்குபேட்டர் கதவைச் சத்தமில்லாமல் மூடச் சொல்லிக் கொடுத்தவள் செல்லக்கா. "படார்னு அடிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் திடுக்கிட்டுப் போயிடும்மா. தூங்குற குழந்தை இருக்கிற ரூம் கதவு மாதிரி மூடணும்." சின்னவள் அன்றிலிருந்து எல்லாக் கதவையும் அப்படித்தான் மூடினாள்.

அவள் எடுத்துக்கொண்டது, சளிக்காய்ச்சல் தரும் ஒரு வைரஸின் துணைப் புரதம். வைரஸுக்குக் கூடு கட்டும் புரதங்கள், பிரதி எடுக்கும் புரதங்கள் எல்லாம் உண்டு. அவை இல்லாமல் வைரஸே இல்லை. துணைப் புரதம் அப்படியல்ல, அது ஒரு எடுபிடி. அது இல்லாவிட்டாலும் சாதுவின் புட்டியில் வைரஸ் சுகமாகப் பெருகும். ஆனால் வாயாடியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. வாயாடி கத்த வாயெடுக்கும்போது ஓடிப்போய் வாயைப் பொத்துவதுதான் அந்த எடுபிடியின் வேலை. லேபில் அதற்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர்.

புரதம் என்பது மணிகள் கோத்த மாலை மாதிரி. சின்னவள் அதில் ஒவ்வொரு மணியாக மாற்றிப் பார்த்தாள். வாயாடி கத்தினால் தட்டு ஒளிவிடும்படி ஓர் ஏற்பாடு, கத்தாவிட்டால் இருட்டு. சில மணிகளை மாற்றினால் ஒன்றுமே ஆகவில்லை. சிலவற்றை மாற்றினால் புரதமே உருக்குலைந்தது. ஒரே ஒரு மணி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, இங்க பாருங்க," என்று அவள் ஓடி வந்த நாள் செல்லக்காவுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "புரதம் முழுசா இருக்கு, அளவும் குறையல. ஆனா பிடிமானம் போயிடுச்சு. வாயைப் பொத்தப் போகுது, கை வழுக்குது! தட்டு அப்படியே ஜொலிக்குதுக்கா. இந்த மாதிரி வைரஸை உடம்பே அடக்கிடும். தடுப்பூசிக்குக் கூட வழி கிடைக்கலாம்."

"எந்தப் புட்டியிலிருந்து செல் எடுத்தே?"

"உறைபெட்டியிலிருந்து பழைய குழாய் ஒண்ணை எடுத்து நானே புதுசா வளர்த்தேன்."

செல்லக்காவின் முகம் சுண்டிவிட்டது. "ஏன், நம்ம புட்டிக்கு என்ன குறைச்சல்?"

அங்கேதான் விதை விழுந்தது. டாக்டர் வழக்கம்போல, "அக்கா, நீங்க ஒரு தடவை செஞ்சு பாருங்க," என்றார். செல்லக்கா தன் புட்டிகளிலிருந்து வாயாடியை எடுத்துச் செய்தாள். சாதாரண வாய்ப்பூட்டு போட்ட தட்டு இருட்டு. மணி மாற்றிய வாய்ப்பூட்டு போட்ட தட்டும் இருட்டு. அப்படியானால் மணி மாறியும் வாய்ப்பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை; சின்னவள் பார்த்தது பிழை.

மூன்றாவதாக ஒரு தட்டு வைத்திருக்க வேண்டும். வாய்ப்பூட்டே இல்லாத வைரஸ் போட்ட தட்டு. அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அது கட்டாயம் ஒளிவிட வேண்டும். ஒளிவிடாவிட்டால் செல்லிலேயே கோளாறு என்று அர்த்தம். எத்தனையோ முறை பார்த்ததுதானே, எதற்கு வீணாக ஒரு தட்டு என்று அதை அவள் விட்டுவிட்டாள்.

கூட்டத்தில் சின்னவள் பயந்து பயந்து கேட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ட்ரோல் தட்டு வெச்சீங்களா?"

அத்தனை பேர் முன்னால்! நேற்று முளைத்தவள்! செல்லக்காவுக்குச் சுருக்கென்று ஏறியது. "எனக்குப் பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி உன் கை நடுக்கத்தை நிறுத்து, கண்ணு. கை நடுங்கினா எல்லாத் தட்டும் ஜொலிக்கத்தான் செய்யும்."

அறை கொல்லென்று சிரித்தது. டாக்டரும் சிரித்தார். சின்னவள் தன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மறுநாளே நடைவழியில் பெயர் கிளம்பிவிட்டது. அவள் சொட்டுவிடும் உறிஞ்சுகுழாயைத் தூக்கினால் போதும், நாலு பேர் அவள் விரலையே பார்ப்பார்கள். நாலு பேர் பார்த்தால் யார் விரல்தான் நடுங்காது? கொஞ்ச காலத்தில் அவள் உண்மையாகவே சிந்தத் தொடங்கினாள். பிறகு ஆராய்ச்சியை விட்டே போனாள். அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது செல்லக்கா புட்டிகளுக்கு மீடியா மாற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வருஷங்கள் ஓடின. வாய்ப்பூட்டு வேலை சின்னவளோடு நின்றுபோனதால், வாயாடியைக் கத்தவைத்துப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை. போன மாதம்தான் இடி விழுந்தது. எல்லா லேபும் தங்கள் செல்கள் என்ன வகை என்று வெளியே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று புது விதி வந்தது. பதில் வந்தபோது செல்லக்காவின் வாயாடி வாயாடியே இல்லை. புட்டி புட்டியாக சாதுதான் இருந்தது.

"சமீபத்துல எப்பவோ கலந்திருக்கும் டாக்டர்," என்றாள். டாக்டரும் நம்பினார். "பழசைக் கொட்டிட்டுப் புதுசா ஆரம்பிங்கக்கா." அவ்வளவுதான்.

ஆனால் அவள் மனம் விடவில்லை. சின்னவளின் காலத்தில் தான் உறைய வைத்த குழாய் ஒன்றைத் தேடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். அதிலும் சாது. அப்போதுதான் அந்த மத்தியானம் நினைவில் வந்து நின்றது. மகளுக்குப் பள்ளி மேடையில் பரிசு. "அம்மா, இந்தத் தடவையாவது வந்துடு," என்று மகள் கெஞ்சியிருந்தாள். நேரமாகிவிட்ட அவசரத்தில் சாதுவுக்கு ஊற்றிய அதே மீடியாவை, அதே உறிஞ்சுகுழாயால், வாயாடிக்கும் ஊற்றிவிட்டு ஓடினாள். சுவரில் அவள் கையெழுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. குழாயின் நுனியில் ஒட்டிய நாலு சாது போதாதா? கிடுகிடுவென்று வளர்ந்து வாயாடியை விழுங்கிவிட்டது. அன்று அவள் முன்வரிசையில் உட்கார்ந்து மகளுக்குக் கை வலிக்கக் கை தட்டினாள்.

இன்னும் ஒன்று. பிறகு ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது வாயாடியின் உருவம் கொஞ்சம் மாறியிருந்ததை அவள் கவனித்தாள். நெருக்கடியில் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதை மட்டும் அவளால் எந்த அவசரத்தின் மேலும் போட முடியவில்லை.

அசல் வாயாடியை வரவழைத்து, யாருமில்லாத விடுமுறை நாளில், சின்னவளின் சோதனையை மறுபடி செய்தாள். இந்த முறை மூன்று தட்டு. சாதாரண வாய்ப்பூட்டு இருட்டாக இருந்தது. கண்ட்ரோல் ஒளிவிட்டது. அதன் பக்கத்திலேயே, அதே அளவு பிரகாசமாக, ஒரே ஒரு மணி மாறிய தட்டும் ஒளிவிட்டது. அந்த வெளிச்சம் தன் முகத்தில் காறி உமிழ்ந்தது போலிருந்தது செல்லக்காவுக்கு. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, தட்டுகளைக் கழித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழம்பு கொதிக்க வைத்தாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

"ஏம்மா, பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிட்டியா?" என்று கணவர் கூப்பிட்டார்.

தட்டோடு வெளியே வந்தாள். சின்னவள் எழுந்து நின்றாள். கண்ணாடி மாறியிருந்தது, காதோரம் இரண்டு நரை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கைகளை முன்னால் கோத்திருந்தாள். தேநீர் தட்டில் சிந்தியிருந்தது.

"உக்காரும்மா. எங்க இருக்கே இப்ப?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில அக்கா. வர்றவங்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெரியுதா, அது தெரியுதான்னு கேட்கிற வேலை. ஸ்க்ரூ முடுக்கறது மட்டும் இன்னொருத்தர் பார்த்துக்குவார்." சிரிக்க முயன்றாள். "இப்ப ஒரு காலேஜ்ல, பிள்ளைங்களுக்கு லேப் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குக் கேட்டிருக்கேன். நாளைக்கு பிரின்சிபல் உங்களுக்கு போன் பண்ணுவாங்க. டாக்டரைக் கேட்டாலும் அவர் உங்களைத்தானே கேப்பார்? அதான் உங்க நம்பரையே குடுத்துட்டேன்."

"அதுக்கென்னம்மா."

"அக்கா… அன்னைக்கு நான் தப்புத்தான் செஞ்சேன். சின்ன வயசு, திமிரு. உங்களையே கண்ட்ரோல் வெச்சீங்களான்னு கேட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேட்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். அவங்க கேட்டா, கவனக்குறைவான பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேற என்ன வேணா சொல்லுங்க."

பேச்சின் நடுவிலேயே கணவருக்கு விளங்கிவிட்டது. சோபாவில் அவர் உடம்பு குறுகியது. டம்ளர் கதையைச் சொன்ன வாயைக் கையால் துடைத்துக்கொண்டார்.

எவ்வளவு சுலபமான வழி அது! ஒரு நல்ல வார்த்தை. அதோடு கணக்கு நேராகிவிடும். உண்மையும் உறைபெட்டியிலேயே கிடக்கும். "நல்லபடியா சொல்றேன்மா. இதுபோல கவனமான பொண்ணைப் பார்க்க முடியாதுன்னே சொல்றேன்," என்று செல்லக்காவின் வாய் சொல்லியும்விட்டது.

சின்னவளின் கண் நிறைந்தது. குனிந்து செல்லக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க மனசு யாருக்கும் வராதுக்கா."

அந்த ஈரம் பட்ட இடம் தீயாய் எரிந்தது. திருடியவளுக்கே பறிகொடுத்தவள் நன்றி சொல்கிறாள்! இதற்கு மேலும் சுமந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றிருந்தது செல்லக்காவுக்கு. கையை உருவிக்கொண்டாள்.

"என் கையைத் தொடாதே," என்றாள். "நீ தப்பு செய்யலை. நான் கண்ட்ரோல் தட்டு வைக்கலை."

சின்னவள் புரியாமல் பார்த்தாள்.

செல்லக்கா சொன்னாள். பரிசளிப்பு மத்தியானத்தையும், ஒரே மீடியாவையும், நுண்ணோக்கியில் கண்டும் காணாமல் விட்டதையும், மூன்று தட்டுகளையும் சொன்னாள். "என் புட்டியில இருந்தது முழுக்க சாது. அதுக்குக் கத்தவே தெரியாது. நான் அதை வெச்சுக்கிட்டு உன்னைப் பொய்யாக்கிட்டேன். உன் தட்டு ஜொலிச்சது நிஜம்மா. அந்த ஒரு மணி மாறினா வாய்ப்பூட்டு வேலை செய்யாது. நீ சொன்னது அத்தனையும் நிஜம்."

சின்னவள் தன் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ ஒருவருடைய கைகளைப் பார்ப்பதுபோல.

"எப்ப தெரிஞ்சது?" என்றாள் கடைசியில்.

"போன மாசம்."

"இன்னைக்கு நான் வரலைன்னா?"

செல்லக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல முகம் இல்லை.

"சொல்லுங்கக்கா. வரலைன்னா?"

"சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் செல்லக்கா. தலை தானாகக் கவிழ்ந்தது.

கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"நாளைக்கு அவங்க கேட்டா என்னை ரொம்ப நல்ல பொண்ணுன்னு சொல்லாதீங்க," என்றாள் சின்னவள். அழவில்லை, குரல் வறண்டிருந்தது. "நடந்ததைச் சொல்லுங்க. அதே ரூம்லயும் சொல்லணும். டாக்டர், சிரிச்சவங்க, எல்லாரும் இருக்கும்போது. என் காதுபட இப்பவே டாக்டருக்கு போன் பண்ணுங்க. நீங்க ராத்திரி தூங்கி எந்திரிச்சா மனசு மாறிடும். எனக்கு உங்க மனசு இப்பத்தான் தெரியுது."

செல்லக்கா போனை எடுத்தாள். எண்களை அழுத்த இரண்டு முறை தவறியது. ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் கலகலத்தது.

"என்னக்கா, லீவு நாள்ல? எந்தப் பிள்ளைக்குப் பசிக்குது?"

"டாக்டர், அடுத்த மீட்டிங்ல முதல்ல நான் பேசணும்."

"நீங்களா! என்ன விஷயம்?"

"அந்த வாய்ப்பூட்டு சோதனை. சின்னவ செஞ்சது சரி. என் வாயாடி அப்பவே கெட்டுப்போச்சு. கண்ட்ரோல் வைக்காம, அவ கேட்டதுக்கு வாயை அடைச்சு அனுப்பிட்டேன். புதுச் செல்லுல மூணு தட்டும் வெச்சுப் பார்த்துட்டேன். அவ இங்கதான் இருக்கா. கேட்டுக்கிட்டிருக்கா."

டாக்டர், "நானும்தானேக்கா சிரிச்சேன்," என்றார், மிக மெதுவாக. "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அவ வேலையை அவ பேர்லயே…"

"வர்றேன் டாக்டர்," என்று குறுக்கிட்டாள் சின்னவள். "கேட்கத்தான் வர்றேன். மத்ததை அப்புறம் யோசிக்கறேன்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கணவர் வாசல்வரை ஓடினார். "தங்கச்சி, நான் தெரியாம… அந்தப் பேரை இனிமே இந்த வீட்ல…"

"உங்க மேல என்னண்ணா இருக்கு. கதையை நல்லாத்தான் சொன்னீங்க."

அவர் முகம் செத்துப்போனது.

"டீயாவது குடிச்சிட்டுப் போயேன்மா," என்றாள் செல்லக்கா. கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்டபின்தான் தோன்றியது.

"வேண்டாம்." செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். மன்னிக்கிற வார்த்தை ஏதாவது வருமா என்று செல்லக்கா அவள் உதட்டையே பார்த்தாள். வரவில்லை. "மீட்டிங்ல நான் பழைய இடத்துலயே உக்காருவேன். என்னைப் பார்த்துச் சொல்லுங்க. மேசையைப் பார்த்துச் சொல்லாதீங்க."

வெளியே போய் அவளே கதவை இழுத்தாள். கோபத்தில் படாரென்று அடித்துச் சாத்தினால் கூடத் தாங்கியிருக்கலாம். அவள் அடிக்கவில்லை. முன்பு செல்லக்கா கற்றுக்கொடுத்தபடியே, உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல, சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனாள்.